ஏ.டி.வி. கார்புரேட்டர் ட்யூனிங்: காது, பிளக், எண்ணெய்க் குழாய், மீட்டர் – எதை நம்புவது?

பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் 2020 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைப் புதிய மோட்டார் சைக்கிள்களில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. ஆனால் பெங்களூரில் எங்கள் நண்பர் வட்டத்தில் மூன்று பழைய ஏ.டி.வி.கள், அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலுசக்கர வண்டிகள், இன்னும் ஓடுகின்றன: ஒரு யமஹா பேன்ஷீ 350, ஒரு யமஹா ராப்டர் 660ஆர், ஒரு கவாஸாகி புரூட் ஃபோர்ஸ் 750. மூன்றிலும் இரண்டிரண்டு கார்புரேட்டர்கள் உண்டு. தேவனஹள்ளிக்கு அப்பால் ஒரு நண்பரின் பண்ணையில்தான் அவற்றை ஓட்டுகிறோம். ட்யூனிங்குக்கு, அதாவது அந்தக் கலவையைச் சரிசெய்ய, எந்த முறை சிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அவரவர் வண்டியின் எஞ்சின் அமைப்பைப் பொறுத்தே விடை மாறும் என்பதுதான். ஏனெனில் ஒவ்வொரு முறைக்கும் ஏதோ ஒன்று கண்ணில் படுவதே இல்லை.

மூன்று வண்டிகளும் அமைப்பில் எவ்வளவு வேறானவை என்று பாருங்கள். பேன்ஷீ இரண்டு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு 26 மில்லிமீட்டர் மிகுனி கார்புரேட்டர்கள். ராப்டர் 660ஆர் ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். ஐந்து வால்வு கொண்ட அந்த ஒரே சிலிண்டருக்கு இரண்டு 33 மில்லிமீட்டர் மிகுனிகள் பெட்ரோல் கொடுக்கின்றன. புரூட் ஃபோர்ஸ் வி-ட்வின், அதாவது வி வடிவில் இரண்டு சிலிண்டர். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி கெய்ஹின் கார்புரேட்டர். ஆகவே, ஒரு சிலிண்டர் முழுச் சுமையையும் சுமக்க மற்றது சும்மா சுற்றும் சிக்கல், பேன்ஷீயிலும் புரூட் ஃபோர்ஸிலும் வரலாம். ராப்டரில் அது எழவே எழாது.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன்னால், நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடச் சுமார் 8 முதல் 9 சதவீதம் குறைவு. கார்புரேட்டரில் கலவையின் விகிதம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், சென்னையில் சரியாக இருந்த அதே ஜெட், அதாவது பெட்ரோல் பாயும் துளை கொண்ட சிறு திருகு, இங்கே சுமார் 4 சதவீதம் பெட்ரோல் கூடிய, அதாவது ரிச்சான, கலவையைத் தரும். இந்த உயரக் கணக்கைப் பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் 2023 பிப்ரவரியில், இதே பெங்களூரில் நடந்த இந்தியா எனர்ஜி வீக் விழாவில் அறிமுகமான இ20 பெட்ரோல், அந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டுவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 வருகிறது. அதாவது ஜெட்டை மாற்றாமல் இ20 ஊற்றினால், கலவை சுமார் 8 சதவீதம் பெட்ரோல் குறைந்த பக்கம், லீன் பக்கம், சாய்ந்துவிடுகிறது. உயரம் 4 சதவீதத்தைத் திருப்பிக் கொடுப்பதால் பெங்களூரில் மீதம் ஏறத்தாழ 4 சதவீதக் குறை. சென்னைக்குக் கொண்டுபோனால் முழு 8 சதவீதமும் தலைமேல் விழும். “உயரமான ஊர், ஆகவே சின்ன ஜெட் போடு” என்ற பழைய அறிவுரை இன்றைய பங்க் பெட்ரோலுக்குத் தலைகீழானது என்பதே என் கணிப்பு.

இனி முறைகளுக்கு வருவோம். காதால் ட்யூன் செய்வதை இளக்காரமாகப் பேசுவோரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் வேகம் சட்டென்று இறங்காமல் மேலேயே தொங்கி நின்றால், ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது, கலவை லீன். சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தாலும் பெரும்பாலும் அதுவே, அல்லது எக்ஸாஸ்ட் இணைப்பில் காற்று கசிகிறது. ஐடில் கலவையைத் திருத்தும் பைலட் ஸ்க்ரூவைச் சரிசெய்ய இதைவிட வேகமான வழி இல்லை: எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஐடில் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துவிடலாம். ஸ்க்ரூ, முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் நின்றால், ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் சரி. பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவில் மூன்றைத் தாண்டியும் எஞ்சின் பெட்ரோல் கேட்டால் பெரிய பைலட் ஜெட் வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்தும், வெளியே திருப்பினால் லீன். எங்கள் பேன்ஷீ இரண்டாவது ரகம், மற்ற இரண்டும் முதல் ரகம் என்பதால் கை பலமுறை குழம்பியிருக்கிறது. காதுக்கு எட்டாத இடம் முழு த்ராட்டில், அதாவது ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்த நிலை. அந்த இரைச்சலில் 5 சதவீத வித்தியாசத்தை எவராலும் கேட்க முடியாது.

பிளக்கின் நிறம் பார்ப்பது அடுத்தது. புதிய பிளக்கைப் போட்டு, முழு த்ராட்டிலில் சில விநாடிகள் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்துக் கழற்றி, பீங்கானின் அடிவளையத்தைப் பார்க்க வேண்டும். காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி என்ற விதி, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிறந்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் போய்விட்டது. இப்போது எத்தனால் வேறு சேர்ந்து எரிவதை இன்னும் சுத்தமாக்குகிறது. ஆகவே ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில், கலவை சரியாக இருக்கும்போதே பீங்கான் வெளுப்பாகத் தெரியும். அதைக் கண்டு பயந்து ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வண்டி மந்தமாகும். டூ ஸ்ட்ரோக்கில் கதை வேறு. அங்கே எண்ணெயும் சேர்ந்து எரிவதால் நிறம் இன்னும் பேசுகிறது. சிலிண்டருக்கு ஒரு பிளக் என்பதால், எந்தப் பக்கம் லீன் என்றும் தனித்தனியாகக் காட்டுகிறது. நேராக ஓட்ட நீண்ட தளம் வேண்டும் என்பதே இதிலுள்ள தொல்லை.

எக்ஸாஸ்ட் புகையைக் கொண்டு கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரைப் பற்றி ஆசையோடு கேட்பவர்களே அதிகம்; நானும் அப்படித்தான் வாங்கினேன். எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு நட்டை வெல்டு செய்து சென்சாரைப் பொருத்தினால், ஓடும்போதே காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதம் எண்ணாகத் தெரியும். ராப்டரில் அது கொடுத்த தெளிவுக்கு ஈடில்லை: பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் கூரான நீடிலின் ஆட்சிக்கு உட்பட்ட கால் முதல் முக்கால் த்ராட்டில் வரை தனியாகவும், மெயின் ஜெட்டின் முழு த்ராட்டில் தனியாகவும் பார்த்து, ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. முழு த்ராட்டிலில் 12.8 முதல் 13.2 வரை காட்டினால் போதும். இ20க்கு இந்த எண்ணை மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்பார்கள், வேண்டாம். சென்சார் உண்மையில் அளப்பது, முழு எரிதலுக்கு வேண்டிய காற்றோடு ஒப்பிட்ட விகிதத்தை. மீட்டர் அதை 14.7ஆல் பெருக்கி நமக்குப் பழகிய எண்ணாகக் காட்டுகிறது. எனவே பெட்ரோல் எதுவானாலும் இலக்கு அதேதான்.

அதே மீட்டரைப் பேன்ஷீயில் பொருத்தியதுதான் நான் செய்த மடத்தனம். முதல் சிரமம், அந்த வண்டியில் பேட்டரியே கிடையாது, கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். மீட்டருக்காகத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கட்டினேன். மீட்டர் லீன் என்றது. மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றினேன். அப்போதும் லீன் என்றது. இன்னொரு படி ஏற்றினேன். வண்டி இருமத் தொடங்கிய பிறகு சிவாஜி நகரில் எங்களுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக்கோடு வாழ்பவர் அவர். மீட்டரைப் பார்க்கவே இல்லை. “பிளக்கக் கழட்டிப் பாரு தம்பி, கரி அடைஞ்சிருக்கும்” என்றார்; அப்படியே இருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத புதுக்கலவையின் ஒரு பகுதி நேராக எக்ஸாஸ்டுக்குள் நழுவிவிடுகிறது. அதிலுள்ள ஆக்ஸிஜனைப் பார்த்துத்தான் சென்சார் லீன் என்று சொல்லியிருக்கிறது. போதாததற்கு, எண்ணெய்ப் புகை சென்சாரையும் விரைவில் கெடுக்கும். நல்லவேளையாகத் தவறு ரிச் பக்கம் போனது. மறுபக்கம் போயிருந்தால் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால், அதுவும் குறைந்து பிஸ்டன் சிலிண்டரில் பிடித்திருக்கும்.

புரூட் ஃபோர்ஸில் மீட்டரின் குருட்டுப்புள்ளி இன்னொரு விதமானது. இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்களும் சேர்ந்த பிறகு ஒரே சென்சார் வைத்தால் அது சராசரியைத்தான் சொல்லும்; ஒரு சிலிண்டர் ரிச்சாகவும் மற்றது லீனாகவும் இருந்து, திரையில் அழகாக 13 தெரியலாம். அதனால் அங்கே முதல் வேலை இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று இசைவிப்பது. இதற்கு வாக்குவம் கேஜ் ஜோடி, எலக்ட்ரானிக் கருவி என்று இருந்தாலும், என் ஓட்டு மிக மலிவான வழிக்கே. ஒளி புகும் பிளாஸ்டிக் குழாய் சில மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, பாதி அளவுக்கு டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றி, இரு முனைகளையும் எஞ்சினுக்குக் கலவை போகும் இரண்டு இன்டேக் குழாய்களின் வாக்குவம் முனைகளில் மாட்டினால் போதும். எண்ணெய் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் உறிஞ்சல் அதிகம், அதாவது அந்த த்ராட்டில் மற்றதைவிட மூடியிருக்கிறது. கவாஸாகி வண்டிகளின் கையேடுகளில் காணும் வழக்கமான வரம்பு, இரண்டுக்கும் இடையே 2.7 கிலோபாஸ்கல் வித்தியாசம். எண்ணெய்க் குழாயில் அது சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். நான் இரண்டு விரற்கடைக்குள் கொண்டுவந்துதான் நிறுத்துவேன். விலையுள்ள கேஜ்கள் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவதில்லை, இரண்டு கேஜும் ஒன்றையொன்று ஒத்துப்போகுமா என்ற சந்தேகமும் குழாயில் இல்லை. வி-ட்வினின் சீரற்ற துடிப்பில் எண்ணெய் குதிக்கும். குழாயின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பழைய பைலட் ஜெட்டைச் செருகிவிட்டால் அடங்கிவிடும். தவறி ஒரு மடக்கு எண்ணெயை எஞ்சின் குடித்துவிட்டாலும் புகைவிட்டு எரித்துவிடும். குழாயில் எண்ணெய்க்குப் பதிலாகப் பாதரசத்தை மட்டும் வீட்டில் யாரும் கையாள வேண்டாம்.

பேன்ஷீயில் இந்தக் குழாய் உதவாது. அங்கே கார்புரேட்டருக்குள் மேலெழுந்து காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடுகள் இரண்டும் ஒரே கணத்தில் எழும்புகின்றனவா என்பதே கேள்வி. ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு ஸ்லைடுக்கு அடியிலும் ஒரே அளவு டிரில் பிட்டின் தண்டை வைத்து, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் இரண்டும் சேர்ந்து தளர்கின்றனவா என்று பார்த்து, மேல்மூடியிலுள்ள கேபிள் அட்ஜஸ்டரால் சரிசெய்தால் முடிந்தது. ராப்டருக்கு, கார்புரேட்டர்களை மேசைமீது வைத்து காற்று வழியைத் திறக்கும் தகடுகளான இரண்டு பட்டர்ஃபிளையின் இடைவெளியையும் வெளிச்சத்தில் சமமாக்கினாலே போதும்.

ஆக, என் தேர்வு இப்படி. புரூட் ஃபோர்ஸ் வைத்திருப்பவர் குழாயிலும் காதிலும் தொடங்கட்டும், பணம் மிஞ்சினால் மீட்டர். ராப்டருக்கு மீட்டர் தகும். பலர் சேர்ந்து ஒன்று வாங்குவதே நியாயம், ஏனெனில் ஜெட் ஒருமுறை அமைந்துவிட்டால் அது அலமாரியில்தான் கிடக்கும். பேன்ஷீக்குக் காதும் பிளக்கும் டிரில் பிட்டும் தவிர எதுவும் வேண்டாம்.

ஜெட் வாங்கும்போது ஒரு சிக்கல் உண்டு. கெய்ஹின் மெயின் ஜெட்டில் 120 என்றால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர், மிகுனியின் பெரிய அறுகோண ஜெட்டில் எண் குறிப்பது பெட்ரோல் பாயும் அளவை. ஆகவே நம் 4 சதவீதக் குறையை நிரப்ப, மிகுனியில் 150ஐ 155 ஆக்கலாம். கெய்ஹினில் பரப்பளவு விட்டத்தின் இருமடியில் வளர்வதால் 120லிருந்து 122க்குப் போனாலே அதே பலன். பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் ஜெட் கேட்கும்போது பழைய ஜெட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் வாங்கக் கூடாது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள இ20ஐ வடித்துவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுத்துப் பைலட் ஜெட்டைத்தான் முதலில் அடைக்கும், அதன்பிறகு எந்தக் கருவி காட்டும் எண்ணுக்கும் பொருளில்லை.