நண்பர்கள் சேர்ந்து கடன் அடைப்பது: நான்காவது ஆண்டில் எங்கள் அனுபவம்

திருப்பூரில் வேலை பார்க்கும் ஆறு நண்பர்கள் 2022 ஆடி மாதத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவரவர் கடனை அவரவர்தான் அடைக்க வேண்டும். ஆனால் யாரும் அதை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு தனியாக அடைக்கக் கூடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் டீ, இடையில் பேச ஒரு வாட்ஸ்அப் குழு, ஆளுக்கொரு நோட்டு. அவ்வளவுதான் ஏற்பாடு. தனியாக ஒரு செயலி கிடையாது, செலவும் டீக்காசு மட்டும்தான். நாலாவது வருஷம் ஓடுகிறது. இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். தொடங்கலாம், தாராளமாக.

நாங்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒருவர் கட்டிங் மாஸ்டர், செக்கிங்கில் ஓர் அக்கா, பவர் டேபிள் டைலர்கள் இருவர், தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர். நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பாதிப் பேருக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம், மற்றவர்களுக்கு மாதச் சம்பளம். கடன்களும் பலவிதம். வீட்டுக்கு மாடி எடுத்தது, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, தங்கை கல்யாணம், கிரெடிட் கார்டு, மகளிர் குழுக் கடன், வாரவட்டி.

சந்திப்பில் ஒவ்வொருவரும் மூன்று தொகைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாக்கி எவ்வளவு, இந்த மாதம் அசலில் எவ்வளவு குறைந்தது, அடுத்த மாதம் எவ்வளவு கட்டப்போகிறோம். முதல் இரண்டு மூன்று மாதங்கள் இதுதான் கடினம். செக்கிங் அக்கா தன் மொத்தப் பாக்கியைச் சொல்வதற்கே சில மாதம் எடுத்துக்கொண்டார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. சொன்ன அன்றைக்குக் கட்டிங் மாஸ்டர், "இவ்வளவுதானுங்களா அக்கா? நானும் ஏறக்குறைய இங்கதான் நிக்கிறேன். சேர்ந்தே இறங்கலாம்" என்றார். அதன் பிறகு அக்கா ஒரு சந்திப்பையும் விட்டதில்லை.

அசலில் குறைந்தது எவ்வளவு என்று கேட்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன். "மாசாமாசம் கட்டிட்டுத்தான் இருக்கேன்" என்று எல்லோரும் சொல்வோம். அசல் குறைகிறதா என்று பார்த்தால்தான் நிலவரம் தெரியும். எங்களில் ஒருவருக்கு கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் நின்றது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று அவர் 3,000 கட்டினால் அசலில் போவது 522 ரூபாய் மட்டுமே. அதோடு, முழுப் பாக்கியையும் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. கடைத்தெருவில் யாராவது மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் வேண்டாமென்று ஓடி வந்துவிடுகிறோம். கார்டில் இருப்பது அதே மூன்றரை வட்டிதான், ஆண்டுக்கு 42 சதவீதம். இதை ரூபாய்க் கணக்காக நோட்டில் எழுதிக் காட்டியதும் அவர் அந்த வாரமே வங்கிக்குப் போய் ஆண்டுக்கு 9 சதவீதத்தை ஒட்டிய வட்டியில் நகைக்கடன் வாங்கி கார்டை முடித்தார். மாத வட்டி 450 ரூபாய் அளவுக்கு இறங்கியது. ஆனால் நகைக்கடனில் மாதத் தவணை இல்லாவிட்டால் அசல் அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால் கார்டுக்குக் கட்டிய அதே 3,000 ரூபாயை நகைக்கடன் கணக்கிலும் மாதாமாதம் போடுவது என்று எங்கள் முன்னால் ஒப்புக்கொண்டார். கார்டையும் வெட்டிப் போட்டார்.

எதை முதலில் அடைப்பது என்பதில் எங்களுக்குள் இன்றும் இரண்டு கட்சி உண்டு. கணக்குப்படி வட்டி அதிகமான கடனைத்தான் முதலில் முடிக்க வேண்டும். நான் அந்தக் கட்சி. டைலர்கள் இருவரும் சின்னக் கடன்களை முதலில் முடித்தார்கள். செல்போன் தவணை, வாஷிங் மெஷின் தவணை, பிறகு குழுக் கடன். வட்டி கொஞ்சம் கூடுதலாகப் போனது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தவணையும் முடியும்போது அவர்கள் முகத்தில் வந்த தெம்பை நேரில் பார்த்திருக்கிறேன். அடுத்த கடனை அடைக்க அந்தத் தெம்பு வேண்டியிருக்கிறது. வாரவட்டி, மீட்டர் வட்டி போன்றவை இருந்தால் மட்டும் பேச்சே இல்லை, அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் கடனாளி தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அன்றாட வாழ்க்கையில் எங்களை அதிகம் சோதித்தது விசேஷங்கள்தான். ஆவணி வந்தால் வாரம் இரண்டு பத்திரிகை வீட்டுக்கு வரும். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது, சீர். மொய்யும் ஒரு கடன்தானே, நமக்குச் செய்தவர்களுக்கு நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். கடன் பட்டியலில் அதைச் சேர்க்காமல் போட்ட திட்டங்கள் எல்லாம் முகூர்த்த மாதங்களில் கவிழ்ந்தன. அப்புறம் அவரவர் வீட்டு மொய் நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், அடுத்த ஒரு வருஷத்தில் எந்தெந்த வீட்டில் விசேஷம் வரும் என்று ஏறக்குறைய எழுதினோம். அதற்கென்று மாதம் ஒரு தொகையை ஒதுக்கினோம். பட்டுப்புடவையும் நகையும் எங்களுக்குள் கைமாறும். ஆசிரியையின் ஆரம் எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கழுத்தில் ஏறியிருக்கிறது. "புதுசா வாங்காதீங்க, என்னுது பீரோவுல சும்மாத்தான் கெடக்குது" என்று அவர் அனுப்பும் ஒரு வரி, எங்களுக்குப் பெரிய தொகையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இன்னொரு சோதனை, வசூல் அழைப்புகள். கைபேசிச் செயலி ஒன்றில் கடன் வாங்கிய நண்பருக்கு ஒரு மாதம் தவணை தவறியது. ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தார்கள், அவருடைய மாமனாருக்கும் அழைத்தார்கள். வீட்டில் அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாங்கள் நாலு பேர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. ஆசிரியை அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தார். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. அதற்கான தொலைபேசி எண் 14448. எங்கள் விஷயத்தில் முதல் மின்னஞ்சலோடு இரவு அழைப்புகள் நின்றன. தவணையை நண்பர் அடுத்த மாதம் கட்டிவிட்டார். கடன் பாக்கி வைத்திருப்பவருக்கும் மரியாதை உண்டு என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் நண்பர்களால் முடிந்த பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது எங்கள் ஊரே கலங்கியது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனிகள் ஒரு ஷிப்டுக்கு வந்தன. டைலர் நண்பர்களின் சனிக்கிழமைக் கவர் மெலிந்தது. அந்த மாதங்களில் சந்திப்பின் கேள்வியையே மாற்றினோம். அசல் எவ்வளவு குறைந்தது என்று கேட்கவில்லை. புதுக்கடன் வாங்காமல் இந்த மாதத்தைக் கடந்தோமா என்று மட்டும் கேட்டோம். கடந்தவர்களுக்குக் கைதட்டல், அவ்வளவுதான். உள்ளூர் ஆர்டர் எடுக்கும் யூனிட்களில் வேலை இருந்தால் குழுவில் உடனே செய்தி வரும். தீபாவளி போனஸில் ஒரு பங்கு கடனுக்கு என்ற பழைய விதியையும் அந்த வருஷம் தளர்த்தினோம், பிள்ளைகளுக்குத் துணியும் பட்டாசும் எடுத்த பிறகு மிச்சம் இருந்தால் கட்டினால் போதும் என்று. ஒருவரும் குழுவை விட்டுப் போகவில்லை.

சரி, எடுபடாத விஷயங்களும் உண்டு. தினமும் செலவைக் குழுவில் போட வேண்டும் என்று தொடக்கத்தில் வைத்திருந்தோம். இரண்டு மாதத்தில் அது சலித்துவிட்டது. ஐம்பது ரூபாய் பஜ்ஜிக்குக் கூட விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்ததும் ஆட்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள், எடுத்துவிட்டோம். யார் அதிகம் அடைத்தார்கள் என்று வரிசை போட்டுப் பார்த்ததும் நல்லதில்லை. சம்பளம் வேறு, குடும்பச் சுமை வேறு, ஒப்பிட்டு என்ன ஆகப் போகிறது.

தொடங்குபவர்களுக்கு ஒரு விதியை மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். குழுவுக்குள் கைமாற்று கூடாது, ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்தும் கூடாது. கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான். ஆனால் விதி முதலிலேயே இருந்தால் யாரும் யாரையும் மறுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி அவசரம் என்றால் திருப்பிக் கேட்காத தொகையாக ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுப்போம், அது கணக்கில் வராது. மருந்து வாங்கிக் கொடுத்தும் சோறு கொண்டுபோயும் உதவியிருக்கிறோம்.

கடன் முடிந்ததும் செய்ய வேண்டியதையும் குழுவே நினைவுபடுத்தும். நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்க வேண்டும். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் கடன் கொடுத்த நிறுவனம் அதைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2023-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. சில மாதம் கழித்து நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். அதில் 'முடிக்கப்பட்டது' என்று இருக்க வேண்டும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று விழும், அது அடுத்த வீட்டுக்கடனுக்குத் தடையாக நிற்கும்.

இப்போது எங்களில் இரண்டு பேருக்குக் கடன் இல்லை, இன்னும் ஒருவர் சித்திரைக்குள் முடித்துவிடுவார். மாடி எடுத்தவருக்கு இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன. முடித்த இருவரும் சந்திப்புக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தவணைக்குக் கட்டிய அதே தொகையை அதே தேதியில் தபால் நிலைய ஆர்.டி.யில் போடுகிறார்கள், அந்தத் தொகையையும் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் சொல்கிறார்கள்.