பர்க்கா, ஜம்வால்ட்டா?

அமெரிக்கக் கடற்படையின் இந்த இரண்டு நாசகாரிக் கப்பல்களில் பார்த்ததும் கண்ணைப் பறிப்பது ஜம்வால்ட்தான். ரேடாரில் எளிதில் சிக்காதபடி உள்நோக்கிச் சாய்ந்த பக்கங்கள், மின்மோட்டாரில் ஓட்டம், 78 மெகாவாட் மின்சாரம். சரி, பழுதானால்? 32 கப்பல் கட்ட நினைத்து 3-ஓடு நிறுத்திவிட்டார்கள். மூன்றே கப்பலுக்காக எந்த ஆலை உதிரிபாகம் செய்துகொண்டிருக்கும்? அதன் 155 மி.மீ. பீரங்கிக்கும் இதே கதிதான்: குண்டு ஒன்றின் விலை சுமார் 8 லட்சம் டாலரைத் தொட, 2016-இல் வாங்கும் திட்டத்தையே கைவிட்டார்கள். சுடக் குண்டில்லாத பீரங்கி! இப்போது அதைக் கழற்றிவிட்டு ஹைப்பர்சோனிக் (ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாகப் பாயும்) ஏவுகணைக் குழாய்களைப் பொருத்துகிறார்கள்.

ஆர்லீ பர்க் பழைய வடிவம். முதல் கப்பல் 1991-இல் சேவைக்கு வந்தது. ஆனால் 70-க்கும் மேல் கட்டியாயிற்று. அதில் ஓடும் எல்எம்2500 கேஸ் டர்பைன் இன்ஜின் உலகெங்கும் புழங்குகிற ரகம். இந்தியாவின் ஐஎன்எஸ் விக்ராந்திலும் அதுதான். பாகம் கிடைக்காதபோது பக்கத்துப் பர்க்கிலிருந்து கழற்றி மாட்டுவதும் நடக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் கப்பல் கிளம்பிவிடும். இடநெருக்கடிதான் குறை: புதிய ரேடாருக்கு மின்சாரமும் குளிரூட்டலும் போதாமல், பர்க்கின் புதிய பதிப்பான ஃப்ளைட் 3-இல் வடிவமைப்பை நிறையவே மாற்ற வேண்டியிருந்தது. ஆறு மாதம் கடலில் கிடக்கச் சொன்னால் நான் பர்க்கில்தான் ஏறுவேன்.