ஒரே தடவை பிபி பார்த்து மாத்திரை எழுதினால் உஷார்

மேற்கு மாம்பலத்தில் உள்ள ஒரு கிளினிக். பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வயதான அம்மா அப்பா உள்ளவர்கள் அவசியம் படியுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. மூட்டுவலிக்காகத்தான் அழைத்துப் போனேன். லிஃப்ட் இல்லை. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்த மறுநிமிஷமே பிபி பார்த்தார்கள். ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றினார்கள். அம்மாவுக்குக் கை கொஞ்சம் பருமன். பட்டை எட்டாமல் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே "ஃபோன் நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். 168/98. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எப்ப வேணா ஸ்ட்ரோக் வரும்" என்று இரண்டு மாத்திரை, கூடவே 6,800 ரூபாய்க்கு டெஸ்ட் பேக்கேஜ். அப்பாவைப் பக்கவாதத்தில் பறிகொடுத்த வீடு எங்களுடையது. அந்த வார்த்தையைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டேன்.

ஆறாம் நாள் விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழுந்த அம்மா கண் இருட்டி விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். ஃபோன் செய்தால், "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். வயிறு எரிந்தது.

அன்றைக்கே மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் முதலில் அம்மாவை பாத்ரூம் போய்வரச் சொன்னார். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்தார். பெரிய பட்டையாகத் தேடி எடுத்து வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் வைத்து, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தார். 104/66. எழுந்து நின்றதும் இன்னும் இறங்கியது. அங்கிருந்த டாக்டர் இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் வீட்டில் பார்த்து நோட்டில் எழுதிவரச் சொன்னார். மூன்று வாரச் சராசரி 128/80. உப்பைக் குறைத்தால் போதும், மாத்திரை இப்போது தேவையில்லை என்றார்.

பிபியை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. பக்கவாதம் வரும்வரை அப்பாவுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. சாப்பிடும் மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். 180/110-ஐத் தொட்டால் காத்திருக்கவும் கூடாது. ஆனால் 140/90-க்குக் கொஞ்சம் மேலே காட்டினால், வேறு வேறு நாளில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சின்னப் பட்டை கட்டினாலே அளவு கூடுதலாகத்தான் காட்டும். எட்டவில்லை என்றால் "பெரிய பட்டை எடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். காபி குடித்து அரைமணி ஆகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

பேக்கேஜ் பணத்தைக் கேட்டு இரண்டு தடவை படியேறிவிட்டேன். இன்னும் தரவில்லை.