எல்லைத் தெருவில் எத்தனை மாடி? உயர வரம்புக்கு நான்கு வழிகள்

பல ஊர்களில் இதே கதை: ஆலை மூடியாயிற்று, துறைமுகம் வேறிடம் போயாயிற்று. அங்கே உழைத்தவர்களுக்காகக் கட்டிய இரண்டு மாடி வரிசை வீடுகளில் மட்டும் மூன்றாம் தலைமுறை குடியிருக்கிறது. நகரம் வளர்ந்து அந்தத் தெருமுனைக்கே வந்துவிட்டது. முனைக்கு அந்தப் பக்கம் எத்தனை மாடி வரை விடலாம் என்பதற்கு எங்கும் நான்கு யோசனைகள்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. நான்கையும் ஒரே கேள்வியால் எடைபோடுகிறேன்: இன்று அங்கே வாடகைக்கு இருப்பவர் பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருப்பாரா?

முதலாவது, ஒரே உயரம். வாஷிங்டனில் 1910-ஆம் ஆண்டுச் சட்டம் தெருவின் அகலத்தோடு 20 அடி சேர்த்து அதுதான் உயரம் என்றது. வணிகத் தெருக்களில் பெரும்பாலும் 130 அடிக்கு மேல் கூடாது. பாரிஸில் 210 மீட்டர் மோம்பர்னாஸ் கோபுரம் 1973-இல் எழுந்து ஊரே முகம் சுளித்தபின், 1977-இல் 37 மீட்டர் வரம்பு வந்தது. இதன் பலம் எளிமை. பேரத்துக்கு இடமில்லை, ஐம்பது மாடி ஆசையில் யாரும் மனைக்கு அதிக விலை கொடுக்க மாட்டார்கள். ஆனால் வரம்பு கட்டடத்துக்குத்தான், வாடகைக்கு அல்ல. பாரிஸில் மரவேலைப் பட்டறைகள் நிறைந்திருந்த ஃபோபூர் சாந்த்-அந்த்வான் பகுதியின் கூரைகள் உயரவில்லை. கைவினைஞர்கள் மட்டும் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. உயரம் வேறு, எஃப்.எஸ்.ஐ. (எல்லா மாடிகளும் சேர்ந்த பரப்பு மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு இருக்கலாம் என்ற கணக்கு) வேறு. 1,000 சதுர மீட்டர் மனையில் எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 2,000 சதுர மீட்டர் கட்டலாம். பாதி மனையை அடைத்து நான்கு மாடியும் போடலாம், ஐந்தில் ஒரு பங்கில் பத்து மாடியும் போடலாம். எஃப்.எஸ்.ஐ.யைக் குறைக்காமல் உயரத்தை மட்டும் அழுத்தினால் கட்டடம் அகலத்தில் பிதுங்கி, பக்கத்து வீட்டுக்கு வரும் காற்றை அடைத்துவிடும்.

இரண்டாவது, சரிவு வரம்பு. பழைய வீட்டை ஒட்டிய இடத்தில் தாழ்வாகத் தொடங்கி, விலக விலக உயரலாம். டொரன்டோவில் இதை 45 பாகைக் கோடாக வரைந்தார்கள். நியூயார்க் 1916-லேயே மேல்மாடிகளை உள்வாங்கிக் கட்டச் சொன்னது. ஜப்பான் 1976-இல் நிழலையே அளவுகோலாக்கியது: ஆண்டின் மிகக் குறுகிய பகல் நாளில், பக்கத்து மனைமேல் எத்தனை மணி நேரம் நிழல் விழலாம் என்று கணக்கு.

எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அண்டை வீட்டுக்காரர் படும் பாட்டை இது ஒன்றுதான் நேரடியாக அளக்கிறது. சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது 30 மீட்டர் கட்டடத்தின் நிழல் 52 மீட்டர் நீளும். குறுகிய தெருவென்றால் எதிர்வரிசையைத் தாண்டி அடுத்த வரிசையையும் மூடும். வெப்ப நாடுகளில் நிழல் வரமாகவும் இருக்கலாம். அங்கே காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் சரிவை வைக்க வேண்டும். ஒரே கோணத்தை எல்லா ஊருக்கும் நகலெடுப்பது தவறு.

மூன்றாவது, பயன்படுத்தாத உயரத்தை விற்பது. பழைய கட்டடத்தின் உரிமையாளர் மேலே கட்டாமல் விடும் பரப்பை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின்மேல் கோபுரம் கட்ட நகரம் அனுமதி மறுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் நகரத்தின் பக்கம் நின்றபோது, இந்த உரிமைக்கும் மதிப்புண்டு என்று கணக்கில் எடுத்துக்கொண்டது. கட்டடத்தைக் காக்க நல்ல வழி. ஆனால் பணம் போவது உரிமையாளருக்கு. வாடகைக்காரர் அந்தப் பத்திரத்தில் எங்குமே வருவதில்லை.

நான்காவது, கொடுத்து வாங்குவது: கூடுதலாகக் கட்ட அனுமதி, பதிலுக்குக் குறைந்த வாடகை வீடு. கேட்க நன்றாக இருக்கும். மும்பை கிரண்காவ் ஆலை நிலங்களின் கதையைப் பாருங்கள், ஏறத்தாழ 600 ஏக்கர். 1991 விதிப்படி நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொதுக் குடியிருப்புக்கு, மீதி உரிமையாளருக்கு என்றிருந்தது. 2001-இல் விதி திருத்தப்பட்டு, ஏற்கெனவே காலியாக உள்ள நிலத்தில் மட்டுமே பங்கு என்றானது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த ஒரே திருத்தத்தில் பொதுப் பங்கு சுருங்கிப்போனது. மேலே கோபுரங்கள் எழுந்தன. கொடுக்கும் உயரம் உடனே கிடைக்கிறது, வாங்க வேண்டிய வீடு தள்ளிப்போகிறது. அதனால் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

ஆக, சரிவு வரம்பே போதுமா? சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுன் போதாது என்கிறது. நிதி மாவட்டத்தின் கோபுரங்கள் அதன் விளிம்பிலேயே நிற்கின்றன. 260 மீட்டர் டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடு 1972-இல் முடிந்தது. அந்த விளிம்பில் இருந்த இன்டர்நேஷனல் ஹோட்டலில் வயதான பிலிப்பைன்ஸ், சீனத் தொழிலாளர்கள் ஒற்றை அறைகளில் வாழ்ந்தார்கள். 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், வாசலில் கைகோத்து நின்ற ஆயிரக்கணக்கானோரை விலக்கிப் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. பிறகு அந்த மனை இருபது வருடத்துக்கு மேல் வெறும் பள்ளமாகக் கிடந்தது. முதியோருக்கான புதிய குடியிருப்பு வந்தது 2005-இல். வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதன்பின் நகரம் ஒற்றை அறை விடுதிகளை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதையும் இடிப்பதையும் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 1980-களின் நடுவில் சைனாடவுனின் உயர வரம்பையும் குறைத்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் குறைந்த வருமானமுள்ள முதியவர்கள் இன்றும் அங்கே வாழ முடிகிறது. என் வரிசை இதுவே: இருக்கும் வாடகைக்காரருக்குப் பாதுகாப்பு முதலில், அடுத்து சரிவு வரம்பு, அந்தச் சரிவால் கட்ட முடியாமல் போன பரப்புக்கு மட்டும் உரிமை மாற்றம்.

விதி வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். கோணம் எங்கிருந்து தொடங்குகிறது? இன்றிருக்கும் பழைய வீட்டின் கூரை விளிம்பிலிருந்தா, அந்த மனையில் இனி அனுமதிக்கப்படும் உச்சியிலிருந்தா? கீழ்த்தள வாகன நிறுத்தமும் மொட்டைமாடி லிஃப்ட் அறையும் உயரக் கணக்கில் சேருமா? வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் யாரிடம், அதற்கு முன் குடியிருப்போரிடம் கேட்க வேண்டுமா?