பூசி மெழுகித் திருப்பித் தந்த கேம்பர் டிரெய்லர்: பட்டறையில் விடும் முன் படித்துவிடுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு போய்வந்த, வீட்டிலேயே கட்டிய ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) கேம்பர் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் கூடார வண்டி இது. டெர்பி பக்கம் தொடங்கி குனுனுரா பக்கம் முடியும் அந்தச் சாலை சுமார் 660 கி.மீ. பெரும்பகுதி இன்னும் மண்ணும் சரளையும்தான், அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படுக்கப்போட்டதுபோல வரிவரியாக மேடுபள்ளம். திரும்பியதும் வண்டி ஒரு பட்டறையில் விடப்பட்டது. பில்லில் நான்கு வேலைகள்: டிராபார் (டிரெய்லரைக் காரோடு இணைக்கும் முன்பக்கச் சட்டம்) விரிசலுக்கு வெல்டிங், இரண்டு சக்கரத்துக்கும் புது பேரிங், ஸ்பிரிங்கைச் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) பிடித்துவைக்கும் ஹேங்கர் மாற்றம், கூடவே கேட்டிருந்த மேம்பாடாக காரிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்குத் தடித்த சார்ஜிங் கேபிள். வண்டி வெளியே வந்தபோது பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். நான்கு வேலையிலும் ஏமாற்று, நான்கும் அந்தப் பெயிண்டுக்கும் டேப்புக்கும் அடியில்.

பட்டறையின் பெயர் இங்கே இல்லை. இதே வேலையை இதே மாதிரி பூசி மெழுகித் தரும் இடங்கள் பல உண்டு என்பதால், பெயரைவிட எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் உதவும்.

முதலில் டிராபார். ஆபத்தானது இதுதான். முன்னால் காரோடு பூட்டும் கப்ளிங், பின்னால் ஆக்சில், இரண்டுக்கும் நடுவே சுமை. அதனால் டிராபாரின் அடிப்பக்கம் எப்போதும் இழுபடுகிறது, மேல்பக்கம் அழுந்துகிறது. A வடிவக் குழாய்கள் சேசிஸின் முதல் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நுழையும் இடத்தில் வளைவு விசை அதிகம். வீட்டில் கட்டும்போது பலரும் அந்த இடத்தில்தான் குழாயின் அடிப்பக்கத்தைக் குறுக்காக வெல்டு செய்துவிடுகிறார்கள். இழுவிசைக்குக் குறுக்கே ஓடும் வெல்டின் ஓரம் என்பது ‘இங்கே கிழி’ என்று போட்டுக்கொடுத்த புள்ளிக்கோடு மாதிரி. இந்த வண்டியிலும் 75 x 50 x 3 மி.மீ. குழாயில் விரிசல் சரியாக அந்த ஓரத்தில்தான் கிளம்பியிருந்தது.

பட்டறை செய்தது என்ன? விரிசலின் மேலேயே, பழைய பெயிண்டைக்கூட முழுதாகச் சுரண்டாமல், ஒரு வெல்டு இழுத்திருக்கிறார்கள். கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்கி, மேலே 10 மி.மீ. தகடு ஒன்றைச் சதுரமாக வெட்டி வைத்து, நான்கு பக்கமும் சுற்றி வெல்டு செய்து, பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பார்க்கக் கனமாக, பலமாகத்தான் தெரிந்தது. 3 மி.மீ. குழாயில் 10 மி.மீ. தகடு வைத்தால் தகடு வளையாது; அது முடியும் ஓரத்தில் குழாய் மட்டும் வளையும். ஆக, பழைய விரிசல் உள்ளே அப்படியே இருக்க, தகட்டின் முன் ஓரத்தில் புதிய ஒன்று தொடங்கியது. 300 கி.மீ. தார்ச்சாலை ஓடியதும் கறுப்புப் பெயிண்டின் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. ஈரத் துணியால் துடைத்தால் போகும். இரண்டு நாளில் அதே இடத்தில் திரும்ப வரும். புதுப் பெயிண்டில் அப்படித் துருக்கோடு கசிந்தால், அடியில் இரும்பு திறந்து மூடுகிறது என்று அர்த்தம்.

சந்தேகம் தீர மூன்று ஸ்பிரே டப்பா உள்ள டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறும் சாயம்) கிட் போதும். வெல்டிங் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். பெயிண்டை முழுக்க எடுத்து, கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு கிளீனர் நனைத்த துணியால் மேலே உள்ளதைத் துடையுங்கள். கிளீனரை நேரடியாக அதன்மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளையில் சிவப்பு ஊறிவரும். இங்கே தகட்டின் ஓரமாக 40 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு, அதன் ஒரு முனை குழாயின் மூலை திரும்பிப் பக்கச் சுவரில் ஏறியிருந்தது.

முறையான பழுது இப்படி இருக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை இறக்கு, பேட்டரி இணைப்பையும், காரிலிருந்து மின்சாரம் வரும் ஆண்டர்சன் பிளக்கையும் கழற்று. டிராபாருக்கு அடியில் முட்டுக் கொடுத்து, விரிசல் மூடும் அளவுக்குச் சற்றே தூக்கு. விரிசலின் இரு முனையையும் டையால் கண்டுபிடித்து, கண்ணுக்குத் தெரியும் முனைக்குச் சற்றுத் தள்ளி 5 அல்லது 6 மி.மீ. துளை போடு, துளையின் வட்டத்தில் விசை பரவிவிடுவதால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு விரிசலை V வடிவில் ஆழமாகத் தோண்டி, அடிவரை உருகிச் சேரும்படி வெல்டு செய். கால்வனைஸ் குழாயானால் சுற்றிலும் 50 மி.மீ. துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டு பொரிபொரியாக வரும். அந்தப் புகையும் காய்ச்சலைக் கொண்டுவரும், காற்றோட்டம் அவசியம். வலுவூட்டும் தகடு பக்கச் சுவர்களில்தான், அடியில் அல்ல. 4 அல்லது 5 மி.மீ. கனம், 300 முதல் 400 மி.மீ. நீளம், உயரம் குழாயைவிடக் குறைவு, முனைகள் ஈட்டிபோலச் சரிந்து குறுக வேண்டும். நீளவாட்டு ஓரங்களில் மட்டும் வெல்டு. குழாயின் மேல் தளத்திலும் அடித் தளத்திலும் குறுக்காக ஒரு சொட்டு வெல்டுகூட வேண்டாம்.

இதெல்லாம் ஒரே ஒரு விரிசலுக்கு. இரண்டாவது விரிசல் இருந்தாலோ, உள்ளே துருப்பிடித்துச் சுவர் மெலிந்திருந்தாலோ டிராபாரையே மாற்றுவதுதான் மலிவு. மாற்றும்போது 100 x 50 x 4 குழாய் போட்டு, முதல் குறுக்குச் சட்டத்தோடு நிறுத்தாமல் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கர் வரை கொண்டுபோங்கள். கேம்பரில் செய்யத்தக்க மேம்பாடுகளில் இதற்குத்தான் முதலிடம். கூரைமேல் சோலார் தகடெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பேரிங். பில்லில் ‘பேரிங் கிட் 2’. 400 கி.மீ. ஓடியதும் இடது ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) கை வைக்க முடியாத சூடு, வலது வெதுவெதுப்பு. ஹப்பின் தொப்பியைத் தட்டி எடுத்ததுமே குட்டு உடைந்தது: நட் கழன்றுவிடாமல் மடித்துவிடும் ஸ்பிளிட் பின்னில் இரண்டு மடிப்புத் தழும்பு. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி செருகியவர்கள் பேரிங் மட்டும் புதிதாகவா போட்டிருப்பார்கள்? கழற்றினால் கிரீஸ் இரண்டு நிறம்: மேலே பளிச்சென்ற நீலம், உள்ளே பழைய கரும்பழுப்பு. சிறிய வெளிப்பேரிங் மட்டும் புதிது. ஆனால் ஹப்புக்குள் அடித்துச் செருகியிருக்கும் அதன் கப் (பேரிங் உருளும் வளையம்) பழையது, அதில் மணல் தெறித்தாற்போல் குழிகள். பெரிய உள்பேரிங் நீலம் பாய்ந்த பழசு. வெப்பத்தில் இரும்பு நீலமானால் அதன் கடினத்தன்மை போய்விட்டது என்று கணக்கு. கிரீஸை உள்ளே நிறுத்தும் சீலின் உதடு கிழிந்திருந்ததால் கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் தெறித்து லைனிங் ஊறிப்போயிருந்தது. அப்படி ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவார்கள். சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி கசியும். மாற்றித்தான் ஆக வேண்டும்.

பேரிங்கும் கப்பும் ஜோடி. புது பேரிங்கைப் பழைய கப்பில் ஓட்டுவது புதுச் செருப்பில் பழைய ஆணியை விட்டுவைப்பது மாதிரி. ஃபோர்டு ஸ்லிம்லைன் வகை பேரிங்கானால் உள்ளே எல் 68149, வெளியே எல்.எம். 12749. ஹோல்டன் வகையில் உள்ளே எல்.எம். 67048, வெளியே எல்.எம். 11949. எண் பேரிங்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், உங்கள் ஆக்சில் எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை உளியால் கப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கும்போது, அடி தொட்டதும் சத்தம் மாறும். அதுவரை தட்ட வேண்டும். நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, முழுதாகத் தளர்த்தி, பிறகு விரல் இறுக்கத்துக்கு மட்டும் கொண்டுவந்து, பின் துளை நேர்ப்படாவிட்டால் தளர்வின் பக்கம் திருப்புங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு ஓர் அசைவு, அவ்வளவுதான்.

ஹேங்கர் விஷயம் சுருக்கமானது. பெயர்ந்துவந்த ஹேங்கரை அதே இடத்தில் கண்ணளவில் வைத்து வெல்டு செய்திருக்கிறார்கள். கப்ளிங்கின் நடுவிலிருந்து ஆக்சிலின் இரு முனைக்கும் அளவு டேப் பிடித்தால் 11 மி.மீ. வித்தியாசம். 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரெய்லர் நண்டு மாதிரி சாய்ந்து ஓடி, டயரின் ஓரத்தை ரம்பப்பல்லாகத் தேய்த்துவிடும். இந்த ஒரு சோதனைக்கு வேண்டியது ஒரு டேப்பும், மறுமுனை பிடிக்க ஓர் ஆளும். பட்டறை வாசலிலேயே செய்துவிடலாம். ஹேங்கர் மறுபடி பெயராமல் இருக்க, 3 மி.மீ. குழாய்க்கும் அதற்கும் இடையில் இரண்டு பக்கமும் நீண்ட 6 மி.மீ. தகடு வேண்டும், இடது வலது ஹேங்கர்களைக் குறுக்கே இணைக்கும் சட்டமும் வேண்டும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் இறுக்கத்தைப் பிடித்துவைக்காது. ‘இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் பலம்’ என்று ஆசை காட்டுவார்கள். எடை கூடாத வண்டியில் பட்டையைக் கூட்டினால் ஸ்பிரிங் வாங்கவேண்டிய அடியைச் சேசிஸ் வாங்கும்.

கேபிள் ஏமாற்று கொஞ்சம் நுட்பமானது, பழகியவர்களே ஏமாறுகிறார்கள். கேட்டது 6 பி அண்ட் எஸ் என்ற அளவுக் கேபிள், அதாவது செம்பின் குறுக்குப் பரப்பு 13.5 சதுர மி.மீ. போட்டது 6 மி.மீ. ஆட்டோ கேபிள். அந்த 6 என்பது பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மி.மீ. அளவுதான். பில்லில் ‘6’ என்று மட்டும் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? போக 8 மீட்டர், வர 8 மீட்டர், ஓட்டம் 25 ஆம்பியர் என்று வையுங்கள். மெல்லிய கேபிளில் சுமார் 1.5 வோல்ட் வழியிலேயே தொலையும், தடித்ததில் அரை வோல்ட். நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி நிரம்பாததற்குக் காரணம் பேட்டரி அல்ல, அந்த ஒரு வோல்ட். கேபிளின் உறைமேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். முனைகளில் தடித்த ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) மாட்டி மறைத்திருந்தால் வெட்டிக்காட்டச் சொல்லுங்கள். உருகியோ சர்க்யூட் பிரேக்கரோ இரண்டு முனையிலும் வேண்டும், ஏனென்றால் கேபிளின் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. இங்கே கார் பக்கம் மட்டும் இருந்தது.

பிரேக் ஒயரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலிய ஏழு முள் பிளக்கில் 5ஆவது, நீல ஒயர். 10 அங்குல மின்பிரேக்கின் ஒவ்வொரு காந்தமும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். பிரேக் கன்ட்ரோலரைக் கையால் முழுதாக அழுத்தி, ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் 6 வந்தால் இரண்டும் வேலை செய்கின்றன. 3 வந்தால் ஒரு சக்கரம் சும்மா சுற்றுகிறது.

வண்டியை விடும்போதே எழுத்தில் கேட்க வேண்டியவை: வேலைவாரியாக மதிப்பீடு, கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் திரும்பக் கையில், பெயிண்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு வெல்டும் படம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். பணம் கட்டினால்தான் வண்டி என்று நின்றால், ஆட்சேபத்தோடு கட்டுவதாக ரசீதிலேயே எழுதிக் கட்டுங்கள்.

பிறகும் வழி உண்டு. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011இலிருந்து நடப்பில் உள்ளது. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். ‘எங்கள் வாரண்டி மூன்று மாதம்’ என்று சுவரில் போர்டு மாட்டி அதைத் தள்ளிவிட முடியாது. சின்னக் குறையென்றால் சரிசெய்ய அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். பெரிய குறையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வேறொரு டிரெய்லர் பட்டறையில் எழுத்துமூல அறிக்கை வாங்கிய பிறகே பழுதைத் தொட வேண்டும், இல்லையென்றால் சாட்சியம் போய்விடும். புகாரை மாநில நுகர்வோர் அலுவலகத்தில் கொடுங்கள்: விக்டோரியாவில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ், நியூ சவுத் வேல்ஸில் ஃபேர் டிரேடிங், மேற்கு ஆஸ்திரேலியாவில் கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன். தேசிய ஆணையமான ஏ.சி.சி.சி. தனிநபர் தகராறைத் தீர்த்துவைப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

இந்த வண்டி விஷயத்தில் டையின் சிவப்புக்கோட்டுப் படத்தையும், இரண்டு மடிப்பு விழுந்த ஸ்பிளிட் பின்னையும் மேசைமேல் வைத்தபோது பேரிங் பணமும் கேபிள் பணமும் திரும்பி வந்தன. டிராபார் கூலி வரவில்லை. ‘தகடு வைத்தோமே’ என்பதுதான் இதுவரை அவர்கள் பதில். அந்தத் தகட்டை வெட்டியெடுத்து, விரிசலோடு பத்திரமாக வைத்திருக்கிறது, புகார் நடந்துகொண்டிருக்கிறது.