உள்ளிருக்கும் துரோகி: வங்கிக் கணக்கைத் தோண்டுவதா, எதிரியின் ரகசியக் கோப்பு ஒன்றை வாங்குவதா?

அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் இருந்தபடியே சோவியத்துக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், பொய் கண்டறியும் சோதனையில் இரண்டு முறை தேறியவர். அரசாங்கச் சம்பளக்காரர்தான், ஆனால் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கியிருந்தார். சாண்டி கிரைம்ஸ் என்ற அதிகாரி, ஏம்ஸ் சோவியத் தூதரக ஆளைச் சந்தித்த தேதிகளையும் வங்கியில் பணம் போட்ட தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். 1985 மே 17, மதியச் சாப்பாடு. மே 18, வங்கியில் 9,000 டாலர். இப்படியே அடுத்தடுத்து. 1994இல் கைது.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குள் இருந்து ரஷ்யர்களுக்கு உளவு சொன்ன ராபர்ட் ஹான்சன் விஷயத்தில் இது எடுபடவில்லை. ஆடம்பரம் காட்டாத ஆள். அவருக்குப் பதில் பிரையன் கெல்லி என்ற சிஐஏ அதிகாரியைச் சந்தேகப்பட்டுப் படாதபாடு படுத்தினார்கள். அப்புறம் 70 லட்சம் டாலர் கொடுத்து ரஷ்யர் ஒருவரிடம், அந்தத் துரோகியைப் பற்றி ரஷ்ய உளவுத்துறை வைத்திருந்த கோப்பு ஒன்றை வாங்கினார்கள். உள்ளே துரோகி பேசிய ஒலிநாடா, கேட்டால் கெல்லியின் குரல் இல்லை! கூடவே ஹான்சனின் கைரேகை படிந்த குப்பைப் பை. 2001 பிப்ரவரியில் ஹான்சன் மாட்டினார்.

கோப்புதான் உறுதி, சரி. ஆனால் விற்க ஒரு ரஷ்யர் கிடைக்க வேண்டுமே! என்னைக் கேட்டால், முதலில் வங்கிக் கணக்கு. செலவு குறைவு, யாரையும் நம்பியிருக்க வேண்டாம்.