முதலில் எதைப் போட்டுக் காட்டுவது: கட்டை வீடா, தலைமலையா?

என் அத்தை மகனுக்கு அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், என்றால் உயிர். ஆனால் அவன் பார்ப்பதெல்லாம் நூற்றுக்கணக்கான எபிசோடுகள் ஓடும் தொடர்கள்தான். ஒருவரோ இருவரோ மேசை விளக்கடியில் உட்கார்ந்து வரைந்த பத்து நிமிடப் படங்களும் ஜப்பானில் உண்டு என்றேன். "காலேஜ் பசங்க புராஜெக்ட்டா?" என்று கேட்டான். சரி, ஒன்றைப் போட்டுக் காட்டி வாயை அடைக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. எதைப் போடுவது?

இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் குனியோ காத்தோவின் 'ட்சுமிகி நோ இயே'. 2008-இல் வந்த 12 நிமிடப் படம். ட்சுமிகி என்றால் குழந்தைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள். நான் இதைக் 'கட்டை வீடு' என்றுதான் சொல்வேன். கடல்மட்டம் ஏறிக்கொண்டே போகும் ஒரு ஊர். வீட்டுக்குள் தண்ணீர் வர வர, கிழவர் ஒருவர் செங்கல் வைத்து மேலே இன்னொரு மாடி கட்டி, சாமான்களோடு அங்கே குடியேறுகிறார். ஒருமுறை அப்படி வீடு மாற்றும்போது, அவருக்குப் பிடித்த புகைக்குழாய் தரைக்கதவு வழியே தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது. படகில் வரும் வியாபாரியிடம் புதுக் குழாய் வாங்கப் போனவர், முக்குளிப்பு உடை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஞாபகம். கீழே போகப் போக அவர் இளமையாகிக்கொண்டே போகிறார்.

கதையைச் சொன்னாலே தொண்டை அடைக்கிறது, இல்லையா? படத்தின் பலம் அதுதான். என் குறையும் அதுதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதற்கு எதிரே நான் நிறுத்துவது கோஜி யமமுராவின் 'அதாமயாமா'. அப்படியே தமிழில் சொன்னால் தலைமலை. 2002-இல் வந்தது, 10 நிமிடம். எச்சில் கையால் காக்காய் விரட்டாத கருமி ஒருவன் செர்ரிப் பழம் தின்கிறான். கொட்டையைத் துப்பினால் வீணாகிவிடுமே என்று அதையும் சேர்த்து விழுங்குகிறான். உச்சந்தலையில் செடி முளைக்கிறது. வெட்டுகிறான், மறுபடி முளைக்கிறது. கடைசியில் மரமாகிப் பூத்துக் குலுங்க, பூப் பார்க்கும் ஹனாமி கொண்டாட்டத்துக்கு ஆபீஸ் கூட்டம் அவன் தலைமேலேயே பாய் விரித்துக் குடித்துக் கூத்தடிக்கிறது. ஆத்திரத்தில் மரத்தைப் பிடுங்கி எறிகிறான். அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் குளமாகிறது. அங்கேயும் கூட்டம். முடிவைச் சொல்லமாட்டேன், சொன்னாலும் பார்க்காமல் விளங்காது.

இது ரகுகோ மரபில் சொல்லப்படும் பழைய கதை. ஒரே ஆள் மெத்தையில் உட்கார்ந்து, கையில் விசிறியோடு எல்லாப் பாத்திரமும் தானே பேசிக் கதை சொல்வதுதான் ரகுகோ. யமமுரா அதை இன்றைய டோக்கியோவுக்கு இழுத்து வந்து, தகேஹாரு குனிமோத்தோ என்ற ரோக்யோகு (பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கலை) கலைஞரை ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டே கதை சொல்ல வைத்திருக்கிறார். ஹரிகதை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழுப்பும் இடையிடையே போடும் தந்தி வெட்டும் அந்நியமாகத் தோன்றாது.

வரைந்த விதத்தை வைத்துப் பார்த்தால் கட்டை வீடு சுலபமாக மனதைப் பிடிக்கும். பென்சில் கீறல் தெரியும் சுவர்கள், பழைய காகிதத்தின் மஞ்சள், தண்ணீருக்குள் இறங்கியதும் மங்கிய பச்சை. எந்தச் சட்டகத்தை நிறுத்தினாலும் மாட்டி வைக்கலாம். ஆஸ்கர் மேடையில் காத்தோ தன் பென்சிலுக்கு நன்றி சொன்னது வெறும் நகைச்சுவைக்காக அல்ல. தலைமலையில் அப்படி ஒரு அழகும் கிடையாது. கருமியின் முகம் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். தெருவில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வந்து அடைத்த அவன் அறையைப் பார்த்தாலே மூச்சு முட்டும். கோடுகள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நடுக்கம்தான் கதைக்கு வேண்டும். மனிதத் தலை மலையாக மாற வேண்டுமென்றால், தலை எது, மலை எது என்ற எல்லைக்கோடு முதலிலிருந்தே உறுதியாக இருக்கக் கூடாது.

விருதுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரான்சின் அன்னெசி அனிமேஷன் பட விழாவில் 2003-இல் தலைமலையும் 2008-இல் கட்டை வீடும் முதல் பரிசு வாங்கின. ஆஸ்கரில் தலைமலை பரிந்துரையோடு நின்றது. இயக்குநர் மியாசாகிக்கு 'ஸ்பிரிட்டட் அவே' என்ற முழுநீள அனிமே படத்துக்காக ஆஸ்கர் கிடைத்த அதே 2003 விழாவில்தான். 2009-இல் கட்டை வீடு விருதையே தட்டிக்கொண்டு வந்தது. 'தனிக்கலைஞர் படம்' என்பதில் கறாராக இருந்தால் மட்டும் தராசு சாயும். காத்தோ அப்போது ரோபோ என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; திரைக்கதை கென்யா ஹிராதா எழுதியது. யமமுரா தன் சொந்தச் சிறு ஸ்டூடியோவில் எடுத்தார்.

அப்புறம் மொழி. கட்டை வீட்டில் வசனமே இல்லை. நடிகை மசாமி நாகசாவாவின் குரலில் கதை சொல்லும் பதிப்பு ஒன்றும் உண்டு, தயவுசெய்து அதைத் தவிருங்கள். கிழவர் மௌனமாக இறங்கும்போது நாம் யோசிப்பதையெல்லாம் அந்தக் குரல் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. தலைமலைக்கோ சப்டைட்டில் இல்லாமல் முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவே புகுந்து அடிக்கும் குதிரை ஒன்று உண்டு: ஒசாமு தெசுகாவின் 'ஜம்பிங்', 1984. ஆறே நிமிடம். தெருவில் குதித்து வரும் யாரோ ஒருவரின் கண்தான் கேமரா. அவர் முகத்தைக் கடைசிவரை காட்டுவதில்லை. குதிப்பு உயரமாகிக்கொண்டே போகிறது. மரம், கட்டடம், நகரம், கடல், போர்க்களம், அதையும் தாண்டி நரகம் வரை. சுமார் 4,000 ஓவியங்கள், நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை.

இதை எடுத்தவர் யார் என்பதுதான் வேடிக்கை. 1963-இல் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் டிவியில் கொடுக்க, பின்னணியை அசையாமல் வைத்து வாயையும் கையையும் மட்டும் ஆட்டும் சிக்கன வித்தையை ஜப்பானில் நிலைநாட்டியவரே தெசுகாதான். ஜம்பிங்கில் அந்தச் சிக்கனத்துக்கு இடமே இல்லை. பார்ப்பவரே நகர்வதால் பின்னணி முழுவதும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்பட வேண்டும். டிவிக்காகச் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஜம்பிங்கைப் போடலாம். எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் அடுத்தது என்ன என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ரங்கராட்டினத்தில் சுற்றி இறங்கிய மாதிரி 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எடுத்த எடுப்பில் போடக் கூடாதவையும் உண்டு. அத்சுஷி வாதா வரையும் குண்டு ஆண்களும் ஆடு பன்றிகளும் ஏதோ சடங்கு போல ஒரே அசைவை மெல்லத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள். அவருடைய 'தி கிரேட் ராபிட்' 2012-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது வாங்கியது. முதல் நாளே காட்டினால் ஆள் எழுந்து போய்விடுவார். மிராய் மிசுவேயின் 'வொண்டர்' அந்த அளவுக்கு மோசமில்லை. ஒரு வருடம் முழுக்கத் தினம் 24 படம், அதாவது ஒரு வினாடிக்கானது, வரைந்து சேர்த்தது. ஆனாலும் கதை தேடுபவருக்கு உயிரணு மாதிரியான வண்ண வடிவங்கள் நெளிவது எத்தனை நிமிடத்துக்குத் தாங்கும்?

சரி, கட்டை வீட்டின்மேல் எனக்கு என்ன குறை? ரொம்பக் காலம் நானும் அதைத்தான் முதலில் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. கடைசியில் கிழவர் கீழே கண்டெடுத்த ஒயின் கோப்பையோடு மேலே வந்து, மேசையில் இரண்டு கோப்பை வைத்து ஊற்றி, ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக் கோப்பையில் தன் கோப்பையை மெல்ல இடிப்பார். அந்தச் சின்ன 'க்ளிங்' சத்தத்தில் கலங்காதவர் மனிதரே இல்லை. பிறகு எல்லோரும் ஒரே மாதிரி "இதே போல இன்னொன்று இருக்கா?" என்று கேட்டார்கள். நான் தலைமலையையும் வாதாவையும் காட்டினால் முகம் சுளித்தார்கள். இந்த உலகத்தில் 'இதே போல' என்று எதுவும் பெரிதாகக் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கிறுக்குத்தனம் வைத்திருப்பவர்கள். கட்டை வீடு அந்தத் தெருவின் முதல் வீடு போலத் தோன்றும், உண்மையில் அது பக்கத்துத் தெரு.

அதனால் இந்த முறை தலைமலையைப் போட்டேன். ஹனாமி கூட்டம் தலையில் ஏறியபோது என் அத்தை மகன் ஒருமுறை சிரித்தான். முடிந்ததும் "என்ன மாமா இது, அரைகுறையா முடிச்சிட்டாங்க" என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "அந்த ஆள் கடைசில விழுந்த குளம் அவன் தலையிலதான இருக்கு? அப்ப அவன் எங்க நின்னுட்டு இருந்தான்?"